சமூக வன வள உரிமை: எல்லை நடை முதல் மேலாண்மைத் திட்டம் வரை மலைக்கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றின் உள்ளும் ஓரத்திலும் வாழும் மக்கள், தாங்கள் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டைத் தங்கள் கிராம சபையின் பொறுப்பில் எடுத்துக் காக்கவும் அளவோடு பயன்படுத்தவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(i) பிரிவு உரிமை தருகிறது. இதுவே சமூக வன வள உரிமை. அந்த உரிமையைக் கோருவதற்கும், கிடைத்த பின் அந்தக் காட்டை நிர்வகிப்பதற்கும் தேவையான வேலைகள் இங்கே வரிசையாகத் தரப்பட்டுள்ளன. நெல்லி, கடுக்காய், தேன், சீமாறு ஆகியவற்றை நம்பி வாழும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கிராமங்களை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது.

நான் பார்த்தவரையில், மனுக்கள் தேங்குவதற்குப் பெரும்பாலும் ஆவணக் குறை காரணமாக இருப்பதில்லை. வேலைகளின் வரிசை மாறிவிடுவதே காரணம். படிவத்தை நிரப்பிவிட்டு எல்லையைத் தேடுகிறார்கள். எல்லையை வரைந்துவிட்டுப் பக்கத்து ஊரிடம் பேசப் போகிறார்கள். ஆகவே ஒவ்வொரு படியையும் அதன் இடத்திலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், சட்டத்தின் பிரதியோடு 2012 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகளின் பிரதியும் வேண்டும். திருத்தத்துக்கு முந்தைய கையேடுகள் இன்னும் பல ஊர்களில் சுற்றிவருகின்றன. அவற்றில் சமூக வன வளத்துக்கான படிவம் ‘சி’ இருக்காது. அதை நம்பித் தொடங்கியவர்கள் பயன்பாட்டு உரிமைகளுக்கான படிவம் ‘பி’யை மட்டும் கொடுத்துவிட்டு, நிர்வகிக்கும் உரிமையைக் கோராமலேயே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வேண்டியவை குடியிருப்பின் வாக்காளர் பட்டியல், பக்க எண் இட்ட தீர்மானப் புத்தகம், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கிராம வரைபடம், அந்தப் பகுதிக்கான வனத்துறைச் செயல்திட்டத்தின் (காட்டை நிர்வகிக்கத் துறை எழுதிவைக்கும் திட்டம்) உரிய பக்கங்கள் ஆகியவை. செயல்திட்டப் பக்கங்களைக் கேட்டவுடன் தரமாட்டார்கள் என்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் வாரமே மனுப் போட்டுவிடுவது நல்லது. பதில் வருவதற்குள் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

‘மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டது, இனி மனுச் செய்ய முடியாது’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. காரணத்தை எழுதிக் கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் விதிப்படி கிராம சபைக்கே உண்டு.

2. எந்தக் கிராம சபை என்பதை முடிவுசெய்தல்

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (பழங்குடிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம்) எதுவும் இல்லாததால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே நடைமுறையில் இல்லை. வழக்கமாகக் கூடுவது ஊராட்சி அளவிலான கிராம சபைதான். ஒரே ஊராட்சியில் மலைமேல் நான்கைந்து குடியிருப்புகளும் அடிவாரத்தில் பெரிய ஊர்களும் இருக்கும்போது, காட்டுக்கே போகாதவர்கள் பெரும்பான்மையாக அமர்ந்து காட்டைப் பற்றித் தீர்மானிக்கும் நிலை வந்துவிடுகிறது.

அதோடு, வன உரிமை தொடர்பான கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் உள்ள ஊராட்சியில் இந்தக் குறைவெண் (கோரம்) ஒருபோதும் நிறைவேறாது. நிறைவேறாத கூட்டத்தின் தீர்மானம் மேலே போனதும் அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பி வரும்.

இதற்கு வழி, திருத்தப்பட்ட விதிகளின் 2ஏ விதியில் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் தனிக் கிராமமாகப் பதிவாகாத குடியிருப்புகளின் பட்டியலை ஊராட்சி தயாரித்து, கிராம சபைத் தீர்மானத்தோடு உட்கோட்ட அளவிலான குழுவிடம் (கோரிக்கைகளை முதலில் பரிசீலிக்கும் அரசுக் குழு) சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் குடியிருப்பு இடம்பெறுவதை முதலில் உறுதிசெய்துகொண்டு, குடியிருப்பு அளவில் கிராம சபையைக் கூட்டுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்த ஊர்களில் பின்னால் செய்த வேலை எல்லாம் வீணானதைக் கண்டிருக்கிறேன்.

3. வன உரிமைக் குழு

கோரிக்கைகளைப் பெற்றுச் சரிபார்ப்பதற்காக கிராம சபை தேர்ந்தெடுக்கும் இந்தக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும். தலைவர், செயலாளர் பெயர்களை உட்கோட்ட அளவிலான குழுவுக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வனத்துறை கூட்டு வன மேலாண்மைக்காக அமைத்த கிராம வனக் குழுவையே வன உரிமைக் குழு என்று எண்ணிவிடுவது பரவலான தவறு. முன்னது துறையின் திட்டத்துக்காக உருவானது. பின்னது கிராம சபையால் தேர்ந்தெடுக்கப்பட்டு அதற்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஒரே ஆட்கள் இரண்டிலும் இருக்கலாம். ஆனால் தீர்மானப் புத்தகமும் முத்திரையும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

4. எல்லை நடை

முழு வேலையிலும் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். சட்டம் கேட்பது வருவாய் எல்லையை அன்று; ஊரார் வழக்கமாகப் பயன்படுத்திவந்த எல்லையை. அது எந்த அலுவலக வரைபடத்திலும் இருக்காது. தேன் எடுக்கப் போனவர்கள், மாடு மேய்த்தவர்கள், கிழங்கு தோண்டியவர்கள், மருந்து பறிப்பவர்கள் ஆகியோரின் கால்களில்தான் இருக்கிறது.

நடப்பதற்கு முன்னால் ஒரு மாலைப் பொழுதில் எல்லோரும் கூடித் தரையில் கோலப்பொடியோ கல்லோ கொண்டு காட்டை வரைந்துவிடுங்கள். ஓடைகளை முதலில் போட வேண்டும். பிறகு பாதைகள், பாறைகள், சாமி இருக்கும் இடங்கள், இடுகாடு, பழைய ஊர் இருந்த மேடு என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. தரையில் வரையும்போது கிழவர்களும் பெண்களும் திருத்துவார்கள். கைபேசித் திரையில் காட்டினால் இளைஞர்கள் இரண்டுபேர் மட்டும் பேசி முடித்துவிடுவார்கள்.

பெண்களை எல்லை நடையிலிருந்து விட்டுவிடுவது நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை. ஆண்கள் பெரும்பாலும் மலை முகட்டையும் தேன் பாறையையும் எல்லையாகச் சொல்வார்கள். கீரை, விறகு, சீமாறு, கோடையில் வற்றாத ஊற்று ஆகியவை இருக்கும் இடங்கள் பெண்களுக்கே துல்லியமாகத் தெரியும். அவை சில சமயம் ஆண்கள் சொன்ன எல்லைக்கு வெளியே இருக்கும்.

மழை ஓய்ந்த மாதங்களில், எல்லையைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடும்படி நடக்க வேண்டும். யானை நடமாட்டம் உள்ள பள்ளத்தாக்குகளில் முன்னே போகிறவர் அனுபவமுள்ளவராக இருக்கட்டும். எந்த நாளில் எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள் என்பதை வனச்சரக அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். வழியில் மடக்கிக் கேட்டால் அந்தக் கடிதத்தின் நகல் பேசும்.

கைபேசியில் ஜிபிஎஸ் செயலி போதுமானது. பாதையைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்வதோடு, ஒவ்வொரு அடையாளத்திலும் நின்று தனிப் புள்ளி எடுக்க வேண்டும். குறுகிய பள்ளத்திலும் அடர்ந்த மரநிழலிலும் புள்ளி தாவும். ஆகவே திரையில் எண் நிலைபெறும்வரை அசையாமல் நின்று எடுங்கள். அதே நேரத்தில் நோட்டில் எழுதவும் வேண்டும். வெறும் எண்களைக் கொண்ட பட்டியல் யாருக்கும் பயன்படாது. எழுதும் முறை இப்படி இருக்கலாம்: ‘புள்ளி 7. இரட்டைப் பாறை. கிழக்கே ஓடை, தை மாதம் வரை தண்ணீர் உண்டு. பாறையின் மேல்பக்கம் ஈச்சங்காடு, சீமாறு எடுப்பது நாங்கள். பாறைக்கு அப்பால் தேன் எடுப்பது அடுத்த ஊர்.’ பிற்பாடு கள ஆய்வுக்கு வரும் அலுவலர் ஒரு புள்ளியைக் கேள்விக்குள்ளாக்கினால், இந்த நான்கு வரிகள்தான் பதில்.

பரப்பளவைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை சிலருக்கு வரும். பயன்படுத்தாத காட்டையும் சேர்த்து வரைந்தால் பக்கத்து ஊரோடு தகராறு வரும் என்பது ஒருபுறமிருக்க, பின்னால் அந்தப் பரப்பு முழுவதையும் காவல் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

5. பக்கத்து ஊர்களோடு பேசி முடித்தல்

எல்லை நடை முடிந்ததும், படிவத்தைத் தொடுவதற்கு முன்பு, சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரின் வன உரிமைக் குழுவையும் எழுத்தில் அழைத்துக் கூட்டாக உட்காருங்கள். இரண்டு ஊர்க் கோரிக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், இரு கிராம சபைகளும் சேர்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பதே விதி. தீராவிட்டால்தான் உட்கோட்டக் குழுவுக்குப் போகிறது.

இரண்டு ஊரும் பயன்படுத்தும் இடத்தின் நடுவே கோடு போட முயலாதீர்கள். அந்த இடத்தில் யார், எந்தப் பருவத்தில், எதை எடுப்பது என்பதை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும். படிவம் ‘சி’யிலேயே எல்லையோர ஊர்களைக் குறிப்பிட்டு, வளங்களையும் பொறுப்புகளையும் பகிர்ந்துகொள்வது பற்றி எழுத இடம் இருக்கிறது. பலர் அந்தக் கட்டத்தில் ஊர்ப்பெயர்களை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

6. சான்றுகளைத் திரட்டுதல்

ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் தேவை. ஆனால் இந்த ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் கட்டாயப்படுத்த முடியாது. மேய்ச்சல் நிலம், கிழங்கும் கனியும் எடுக்கும் இடங்கள், மீன்பிடிக்கும் இடங்கள், நீர்நிலைகள், மூலிகை எடுக்கும் பகுதி, கோயில்காடு, இடுகாடு, பழைய குடியிருப்பின் இடிபாடுகள் ஆகிய அனைத்தும் சான்றுகளாக ஏற்கத்தக்கவை. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எல்லை நடையில் இட்ட புள்ளி எண்ணை அதனருகில் எழுதுங்கள்.

முதியோர் வாக்குமூலத்தை ஒரே வாசகத்தில் பத்துப் பிரதி எடுத்துக் கையெழுத்து வாங்குவது பயனற்றது. ஒருவர் தேனைப் பற்றியும், ஒருவர் பட்டியில் மாடு அடைத்ததைப் பற்றியும், ஒருவர் தாம் பிறந்த பழைய ஊரைப் பற்றியும் அவரவர் சொல்லிலேயே சொல்லட்டும். வனத்துறை முன்பு விதித்த அபராத ரசீதுகளை ஒளித்துவைக்க வேண்டாம். அவற்றை மட்டுமே காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று விதி சொல்கிறது; மாறாக, நீங்கள் அந்தக் காலத்திலேயே அங்கே இருந்தீர்கள் என்பதை அவை காட்டுகின்றன.

7. படிவங்களும் கள ஆய்வும்

படிவம் ‘பி’ பயன்பாட்டு உரிமைகளுக்கானது: சிறு வன மகசூல் (நெல்லி, தேன் போன்ற, மரமல்லாத வன விளைபொருள்கள்), மேய்ச்சல், மீன், நீர் போன்றவை. படிவம் ‘சி’ காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கானது. இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தனிநபர் நிலத்துக்கான படிவம் ‘ஏ’ வேலை இவற்றோடு கலந்தால், ஊர்க்கூட்டம் முழுவதும் யாருக்கு எத்தனை சென்ட் என்பதிலேயே போய்விடும். அதற்குத் தனி நாள் வையுங்கள்.

‘எங்கள் ஊரில் பழங்குடியினர் சில குடும்பங்கள்தானே’ என்று தயங்க வேண்டியதில்லை. பழங்குடியினரோ பிற பாரம்பரிய வனவாசிகளோ சிலர் இருந்தாலே கோரலாம் என்று படிவம் ‘சி’யே சொல்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் இது செல்லாது என்பதும் தவறு. சரணாலயமும் தேசியப் பூங்காவும் சட்டத்தின் வரையறைக்குள் இருக்கின்றன. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில் சோளகர் பழங்குடியினர் 2011இல் சமூக உரிமை பெற்றிருக்கிறார்கள். வேட்டைக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

மாடு வைத்திருக்கும் ஊர்கள் மேய்ச்சலைப் படிவம் ‘பி’யில் விரிவாக எழுத வேண்டும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடைசெய்து, பின்னர் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் திருத்தியது. ஆகவே பட்டி இருந்த இடங்கள், பழைய மேய்ச்சல் அனுமதிச் சீட்டுகள் ஆகியவற்றை இணைத்து, வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, வந்தவர்களின் பதவி, தேதி, கருத்து ஆகியவற்றோடு கையெழுத்து வாங்க வேண்டும். வராவிட்டால் வரவில்லை என்று பதிவுசெய்து மேலே செல்லலாம். தாங்கள் வராததையே காரணமாக்கிப் பின்னால் ஆட்சேபித்தால் மறு ஆய்வு நடத்தலாம். அதற்கும் வராவிட்டால் கிராம சபையின் முடிவே இறுதியானது. முன்னறிவிப்பின் ஒப்புகைச் சீட்டு இல்லாவிட்டால் இந்த விதியால் பயன் இல்லை.

8. தீர்மானமும் மேல்நிலைக் குழுக்களும்

தீர்மானத்தில் கோரிக்கை வந்த விதம், ஆய்வு நடந்த நாள், எல்லை விவரம், வந்தோர் எண்ணிக்கை, அதில் பெண்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் இடம்பெற வேண்டும். முழுக் கோப்பையும் நகல் எடுத்துவிட்டு, மூலத்தை உட்கோட்ட அளவிலான குழுவிடம் ஒப்புகையோடு கொடுங்கள். அங்கிருந்து அது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும்.

குறை இருந்தால் கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும், மறுத்தால் விரிவான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் விதி. வாய்மொழியாக ‘ஆகாது’ என்றால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தில் கேளுங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் மீதும், உட்கோட்டக் குழு முடிவின் மீதும் மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு.

9. பட்டயம் வந்த அன்றே பார்க்க வேண்டியவை

பட்டயம் (உரிமையை ஏற்று அரசு தரும் ஆவணம்) கிராம சபையின் பெயரில் இருக்கிறதா, கோரிய எல்லையும் பரப்பும் அப்படியே இருக்கின்றனவா, சட்டத்தில் இல்லாத நிபந்தனை எதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிராம வனக் குழுவின் பெயரில் தரப்பட்டாலோ பரப்பு குறைந்திருந்தாலோ மகிழ்ச்சியில் கையெழுத்திட்டு வாங்கிவிடாமல், ஆட்சேபத்தை எழுதிக்கொடுத்துப் பெறுங்கள். இறுதி வரைபடத்தைத் தயாரித்து மூன்று மாதத்துக்குள் அரசு ஆவணங்களில் ஏற்ற வேண்டிய கடமை வருவாய், வனத் துறைகளுக்கு உண்டு; அதை நினைவூட்டிக் கடிதம் எழுதுவது உங்கள் வேலை.

10. மேலாண்மைத் திட்டம்

பட்டயம் வாங்கிய பல ஊர்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. விதி 4(1)(e)இன்படி கிராம சபை தன் உறுப்பினர்களிலிருந்து ஒரு குழுவை அமைத்து, அந்தக் குழு காப்புக்கும் மேலாண்மைக்குமான திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். அலுவலக நடையில் நூறு பக்கம் எழுதி யாரும் படிக்காமல் வைப்பதைவிட, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் என்று எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசிப்பது மேல். எங்கே, எப்போது, யார், எவ்வளவு, எதை விட்டுவைப்பது, மீறினால் என்ன என்ற ஆறு கேள்விகளுக்கு அந்தப் பக்கம் விடை சொல்ல வேண்டும்.

நெல்லியை எடுத்துக்கொள்வோம். காய்ப்பறிப்பில் கெடுதல் வருவது பெரும்பாலும் அவசரத்தால். வியாபாரி வண்டியோடு வந்து நிற்கும்போது கிளையை வெட்டித் தள்ளிக் கீழே உட்கார்ந்து பறிப்பது எளிதாக இருக்கிறது. அடுத்த ஆண்டுகளில் அந்த மரம் காய்ப்பதில்லை. ஆகவே பறிப்பு தொடங்கும் நாளை கிராம சபையே அறிவித்து, அதற்கு முன் யாரும் போகக் கூடாது என்று வையுங்கள். முன்னால் போனவருக்கே காய் என்ற நிலை இருக்கும்வரை பிஞ்சும் தப்பாது, கிளையும் தப்பாது. மரத்தில் ஒரு பங்கு மானுக்கும் முளைப்புக்கும் விட்டுவைக்கப்பட வேண்டும். பறிக்க ஏறுகிறவர் புல்லுருவி பிடித்த நுனிகளை மட்டும் கழித்துவிட்டு இறங்கலாம். அது மரத்துக்கு நல்லது.

மலைத்தேனில் விதி வேறு. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டும் பெருந்தேனீயின் அடையில் தேன் பெரும்பாலும் மேல்பக்கத்துத் தடித்த பகுதியில் சேர்ந்திருக்கும். புழுக்கள் இருக்கும் பகுதி அதற்குக் கீழே. தேன் பகுதியை மட்டும் அறுத்துப் புழுவடையை விட்டுவைத்தால் கூட்டம் பிழைக்கும். முழு அடையையும் வீழ்த்திப் பிழிந்தால் கூட்டம் அழிவதோடு, புழுச்சாறு கலந்த தேன் விரைவில் புளித்து விலையும் குறையும். ஒரே பாறையில் உள்ள அடைகளில் சிலவற்றைத் தொடாமல் விடுவது என்று பல ஊர்களில் ஏற்கெனவே வழக்கம் உண்டு. அத்தகைய வழக்கங்களை முதலில் கேட்டு எழுதுங்கள். புதிய விதி எழுதுவது அதற்குப் பிறகு.

மிகக் கடுமையாக இருக்க வேண்டியது மாகாளிக்கிழங்கு விஷயத்தில். வேரையே தோண்டி எடுப்பதால் செடியே போய்விடுகிறது. ஊறுகாய்க்கு அதன் தேவை குறைவதும் இல்லை. காய் வெடித்து விதை பரவிய பின்பே தோண்டுவது, வேரில் ஒரு பகுதியை மண்ணில் விட்டு மூடுவது, ஒரு சரிவில் எடுத்தால் அடுத்த சில ஆண்டுகள் அங்கே தொடாமல் இருப்பது என்ற மூன்றையும் ஒன்றாகக் கடைப்பிடிக்க முடியாத ஊர், கொஞ்ச காலம் முழுத் தடை போடுவதே சரி.

உண்ணிச்செடி (லாண்டானா என்னும் களைப்புதர்) பரவிய இடங்களைத் தனிப் பக்கமாக எழுதுங்கள். புல்லும் நாற்றும் இல்லாமல் போவதற்கு அதுவே பெரிய காரணம். வேரோடு பிடுங்கி, மழைக்குப்பின் மீண்டும் முளைப்பதை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பிடுங்கினால்தான் பயன் உண்டு. ஒருமுறை வெட்டிவிட்டு விட்டால் முன்னைவிட அடர்த்தியாக வரும். முன்பருவத்தில் சருகை மெலிதாக எரித்தது உண்ணியைக் கட்டுக்குள் வைத்தது என்று சோளகர்கள் சொல்லிவருகிறார்கள். ஆயினும் காப்புக்காட்டில் தீயிடுவது வனச்சட்டப்படி குற்றம் என்பதால், அதைத் திட்டத்தில் எழுதி வனத்துறையோடு ஒத்துப்போகும்வரை யாரும் தனியாகச் செய்யக் கூடாது.

முடிந்த திட்டத்தை வனத்துறையின் செயல்திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இணைக்கும்போது எந்த மாற்றம் தேவை என்று முடிவுசெய்வது உங்கள் குழுதான். துறையின் திட்டத்தை அப்படியே எழுதிக் கையெழுத்திடுவதற்கு இணைப்பு என்று பெயர் வைத்துவிடக் கூடாது.

11. விற்பனை, போக்குவரத்துச் சீட்டு, கணக்கு

சிறு வன மகசூலுக்கு அரசுக்குக் கட்டணமோ உரிமைத்தொகையோ செலுத்த வேண்டியதில்லை. கொண்டுசெல்வதற்கான சீட்டை கிராம சபையின் குழுவே வழங்கலாம். மகாராஷ்டிரத்தின் மேந்தா-லேகா கிராம சபை மூங்கிலுக்கு அந்த அதிகாரத்தை 2011இல் பெற்றது. மூங்கில் சட்டப்படி சிறு வன மகசூல்தான். மரம் அப்படி இல்லை.

சீட்டுப் புத்தகத்தில் தொடர் எண், பொருள், எடை, எடுத்த இடம், வண்டி எண் ஆகியவை இருக்கட்டும். சோதனைச் சாவடியில் முதல் சில முறை நிறுத்துவார்கள் என்பதால், மாதிரிச் சீட்டையும் கையெழுத்துப் போடுபவரின் பெயரையும் முன்பே மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பிவையுங்கள்.

விலையைப் பேசுவதற்கு முன்னால் எடைத்தராசு வாங்குங்கள். வியாபாரியின் தராசில் போடும்வரை எத்தனை கிலோ எடுத்தோம் என்பது ஊருக்கே தெரியாது. எடுத்த அளவு தெரியாமல் அடுத்த ஆண்டு எவ்வளவு எடுக்கலாம் என்று தீர்மானிக்கவும் முடியாது. தராசில் ஏறியது அன்றே நோட்டில் ஏற வேண்டும். ஒரே இடத்தில் நடக்கும் அலைச்சல் கூடிக்கொண்டே போய், வரும் எடை குறைந்துகொண்டே வந்தால், அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கும் தீர்மானத்தை அடுத்த பருவம் தொடங்கும் முன்பே நிறைவேற்றிவிடுங்கள்.

வருமானத்தைச் செலவிடுவதையும், திட்டத்தில் செய்யும் எந்த மாற்றத்தையும் கிராம சபையே ஒப்ப வேண்டும். குழு மாறும்போது பட்டயத்தின் மூலப்பிரதி, எல்லை நோட்டு, சீட்டுப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை யாரிடமிருந்து யாருக்குப் போயின என்பதைக் கையெழுத்தோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பட்டயத்தின் நகல் ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும்.